ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கேள்வி: நாயையும் குதிரையையும் படம் எடுத்துப் பார்த்த அனுபவம்

முத்து என்ற எங்கள் டாஷண்ட் நாய்க்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் அது படுக்கையை விட்டு எழுந்து வந்த நடையே சரியில்லாமல் இருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன; திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது; தூக்கப் போனால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு முனகியது. அன்றே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே நவீன சி.டி. கருவி இருந்தது. நாயை மேசைமேல் ஏற்றிய சில நிமிடங்களிலேயே ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. இடுப்பு தள்ளாடுகிறது என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு, இடுப்பையும் அதையொட்டிய கீழ் முதுகையும் மட்டும் படம் எடுத்தார்கள். கடைசி முள்ளெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் எலும்பு சற்று வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து முத்துவால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. எலும்பு வளர்ந்திருந்தது உண்மை. நடுத்தர வயது நாய்கள் பலவற்றுக்கு அது இருக்கும், எந்தத் தொந்தரவும் தராமல் கடைசி வரை இருந்துவிட்டும் போகும். நோய் வேறோர் இடத்தில் இருந்தது. அந்த இடத்தை யாரும் படம் எடுக்கவில்லை. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும், எந்த இடத்தைப் பார், எதற்காகப் பார் என்று நாம் கேட்டதற்கு மட்டுமே அது பதில் சொல்லும் என்பது அந்த ஒன்பது நாளில் எனக்கு உறைத்தது. அதன்பிறகு ஒரு குதிரைக்காகவும், பல ஆண்டுகள் கழித்து மீண்டும் முத்துவுக்காகவும் ஸ்கேன் அறைகளின் வாசலில் காத்திருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை, நாயோ குதிரையோ வளர்ப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பத்தாவது நாள் நாங்கள் போய்ச் சேர்ந்த நரம்பியல் நிபுணர், முதல் அரை மணி நேரம் எந்தக் கருவியையும் தொடவில்லை. முத்துவைத் தரையில் விட்டு, வயிற்றுக்கடியில் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தபடி, பின்னங்காலின் பாதத்தை மடித்து அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். நலமான நாய் அதே நொடியில் பாதத்தைத் திருப்பி நேராக ஊன்றிக்கொள்ளும். முத்து திருப்பவில்லை, மடிந்த பாதம் மடிந்தபடியே கிடந்தது. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டியபோது கால் வேகமாக உதைத்தது. பிறகு ஒரு கவ்வியை எடுத்து, இடுப்பிலிருந்து தொடங்கி முதுகெலும்பின் ஓரமாகத் தோலை ஒவ்வொரு விரற்கடையாகக் கிள்ளிக்கொண்டே முன்னோக்கி வந்தார். கீழ் முதுகில் கிள்ளியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இடத்தைத் தாண்டியதும் முதுகுத்தோல் முழுவதும் ஈ உட்கார்ந்தால் சிலிர்ப்பதுபோல் துடித்தது. அந்த இடத்தில் மயிரை விலக்கிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, 'இந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால்தான் சிக்கல்' என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். முழங்கால் அனிச்சை உதைப்பு வலுவாக இருந்தால், அந்தக் காலுக்கு நரம்பு அனுப்பும் கீழ்ப்பகுதித் தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று பொருள். பாதத்தின் நிலை மூளைக்குத் தெரியவில்லை என்றால், இடையில் எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது. முன்னங்கால்கள் சரியாக இருப்பதால் அந்த அடைப்பு கழுத்தில் இல்லை. ஆக, மூன்றாம் மார்பு முள்ளெலும்புக்கும் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் தேட வேண்டும். நாய்க்கு மார்பு முள்ளெலும்புகள் 13, இடுப்பு முள்ளெலும்புகள் 7. முதலில் எடுத்த படம் தொடங்கியதே நான்காவது இடுப்பு முள்ளெலும்பிலிருந்து. கையும் சுத்தியலும் கவ்வியும் அரை மணி நேரத்தில் சொன்ன செய்தியை, யாரும் கேட்காததால் அந்தக் கருவி சொல்லாமல் விட்டிருந்தது.

எந்த ஸ்கேன் என்பது அடுத்த கேள்வி. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. எலும்பிலும்கூட, தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே அரிப்பு கண்ணுக்குப் புலப்படும் என்பார்கள். சி.டி. அதே எக்ஸ்ரே கதிரைச் சுற்றிலுமிருந்து பாய்ச்சி, உடலைப் பாக்குச் சீவல்போல மெல்லிய துண்டுகளாகக் காட்டுகிறது. 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இன்றும் சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் அளவுகோல் வழங்குகிறது. அதில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100, எலும்பு பல நூறு. டாஷண்ட் போன்ற குட்டைக்கால் இன நாய்களில், முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள் இளவயதிலேயே காய்ந்து சுண்ணாம்பேறிவிடுவதால், பிதுங்கிய டிஸ்க் பல வேளைகளில் சி.டி.யிலேயே வெள்ளையாகத் தெரிந்துவிடும். சில நிமிடங்களில் வேலையும் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லாமல், காந்தப்புலத்தில் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைக் கொண்டு படம் வரைகிறது. தண்டுவடத்தின் உள்ளே வீக்கம் இருக்கிறதா, இரத்தம் கசிந்திருக்கிறதா என்றெல்லாம் அறிய வேண்டுமானால் அதுவே சிறந்தது. முத்துவுக்கு ஏற்கெனவே பத்து நாள் தாமதமாகிவிட்டதால், தண்டுவடத்தின் நிலையும் தெரிய வேண்டும் என்று எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தார்.

மனிதரிடம் அசையாமல் படுத்திருங்கள் என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.க்கு முழு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பகுதியைப் பார்க்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குமேல் ஆகும். எனவே இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் முன்பே முடிய வேண்டும். எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதை மயக்க மருத்துவர் சொன்னபடி கடைப்பிடிக்க வேண்டும். தொடர்ந்து கொடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு போனது எங்களுக்கு உதவியது. கழுத்துப்பட்டையைக் கழற்றினார்கள். தோளுக்கிடையில் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருப்பதை நான் நினைவுபடுத்தியபோது, அதனால் நாய்க்கு ஆபத்தில்லை, ஆனால் அதைச் சுற்றிய பகுதி படத்தில் கருங்குழியாக விழுந்துவிடும் என்றார்கள். நாங்கள் தேடிய இடம் அதற்கு வெகு பின்னால் இருந்ததால் கவலையில்லை. கழுத்தின் அடிப்பகுதியில் நோய் என்று சந்தேகப்படுபவர்கள் சிப் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு இப்பால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடந்த முத்துவின் நான்கு கால்களும் துணியால் அணைகட்டப்பட்டிருந்தன. இயந்திரத்தின் இடிப்போசை சுவரைத் தாண்டி வந்தது. திரையில் முதுகெலும்பின் நீளவாட்டுப் படம் மெல்ல எழுந்தது. நீர் வெண்மையாகத் தெரியும் வகைப் படம் அது. நலமான டிஸ்க் ஒவ்வொன்றும் நடுவில் ஒரு வெண்முத்தாக ஒளிர வேண்டும்; முத்துவுக்குப் பாதிக்குமேல் கறுத்துப்போயிருந்தன. 12ஆம், 13ஆம் மார்பு முள்ளெலும்புகளுக்கு இடையில், கறுத்த டிஸ்க்கிலிருந்து கரிய துண்டு ஒன்று மேலேறித் தண்டுவடத்தை ஒரு பக்கமாக நசுக்கியிருந்தது. பேனாக்கோடு இருந்த இடத்திற்கு அது இரண்டு முள்ளெலும்பு முன்னால். அடுத்து எடுத்த குறுக்குவெட்டுப் படத்தில் துண்டு இடப்பக்கம் இருப்பது தெரிந்தது. எந்தப் பக்கத்து எலும்பைத் திறப்பது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்தி அதுதான்.

மயக்கம் தெளியவிடாமல் அப்படியே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினால் வலியை உணர்ந்து திரும்பிப் பார்க்கிறதா என்பதைக் காலையிலேயே சோதித்திருந்தார்கள்; முத்து திரும்பிப் பார்த்தது. அந்த ஆழ்வலி உணர்வு இருக்கும் நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அறுவைக்குப் பின் நடக்கும், அது போய்விட்டவற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்காலம் எப்படி என்ற என் கேள்விக்கு விடை, எம்.ஆர்.ஐ. படத்தைவிட இந்த ஒரு கிள்ளலில்தான் கூடுதலாக இருந்தது. ஐந்தாம் வாரம் முத்து தானாக வாசல்வரை நடந்தது.

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே மாதத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் பெரிய இன நாய், பந்தைத் துரத்தி ஓடும்போது ஒரு முறை கத்திவிட்டு விழுந்து, ஒரு பக்கப் பின்னங்கால் செயலிழந்தது. மறுநாள் முதுகை எவ்வளவு அழுத்தினாலும் வலியில்லை. நிலை மோசமாகவும் இல்லை. டிஸ்க்தான், உடனே அறுவை செய்ய வேண்டும் என்று அவர் பதறினார். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தை எதுவும் நசுக்கவில்லை. தண்டுவடத்தின் உள்ளே ஒரு பக்கமாக வெண்மை மட்டும் படர்ந்திருந்தது. டிஸ்க்கின் நுண்துகள் இரத்தக் குழாயை அடைத்ததால் ஏற்பட்ட பாதிப்பு அது. திறந்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. உடற்பயிற்சியும் பொறுமையும்தான் மருந்து. ஒரு நாயைக் கத்தியிடம் அனுப்பியதும் மற்றொரு நாயைக் கத்தியிலிருந்து காத்ததும் ஒரே வகைப் படம். அதனால்தான், 'இந்தப் படத்தின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?' என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான் என்றால், அந்த மயக்கமும் செலவும் தேவைதானா என்று யோசிக்கலாம்.

வெண்ணிலா எங்கள் பராமரிப்பில் இருந்த பெண் குதிரை. அப்போது வயது பதினொன்று. முன்னங்கால் எடுத்துவைக்கும் அடி குறுகிப்போயிற்று. கெட்டித் தரையில் வட்டமாக ஓடவிட்டால் தலை ஏறி இறங்கியது. நோவுள்ள கால் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். பழகிய கண்ணுக்கு அதுவே போதும், இடது கால். குளம்பின் பின்புறத்திற்குச் செல்லும் நரம்புகளை ஒட்டி மரப்பு ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் இடது கால் நொண்டல் மறைந்தது. உடனே வலது கால் நொண்ட ஆரம்பித்தது. இரண்டு குளம்பிலும் நோவு இருந்திருக்கிறது, கூடுதலான நோவு குறைவானதை மறைத்துவைத்திருந்தது. எக்ஸ்ரேயில், நாவிகுலர் எனப்படும் படகு வடிவச் சிற்றெலும்பின் ஓரத்தில் சில பள்ளங்கள் அகன்றிருந்தன. நாவிகுலர் நோய் என்று பெயர் சூட்டி, லாடத்தை மாற்றி, வலிமருந்து கொடுத்து, நான்கு மாதம் போயிற்று. வெண்ணிலா தேறவில்லை.

அந்தப் பள்ளங்கள் நொண்டாத குதிரைகளிலும் இருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மரப்பு ஊசியும் குதிகால் பகுதியை மட்டும் மரக்கச் செய்வதில்லை. குளம்பின் பெரும்பகுதியே அதில் மரத்துப்போகும். எனவே 'குளம்புக்குள் எங்கோ' என்ற அளவுக்குத்தான் நாங்கள் உண்மையில் அறிந்திருந்தோம். அல்ட்ராசவுண்ட் வைத்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பார்க்கலாம் என்றால், குளம்பின் கொம்புச் சுவர் ஒலியை உள்ளே விடாது. எலும்பு, தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார், மூட்டுச் சவ்வு எல்லாவற்றையும் அந்தக் கொம்புப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்க்கக்கூடியது எம்.ஆர்.ஐ. ஒன்றே. அதற்கு முன் பல பத்தாண்டுகள் நாவிகுலர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்த குதிரைகள் பலவற்றுக்கு உண்மையில் தசைநாண் கிழிந்திருந்தது என்பது, எம்.ஆர்.ஐ. வந்த பிறகே தெரிந்தது.

குதிரைக்கு எம்.ஆர்.ஐ. என்றதும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது அதன் உருவம். அரை டன் எடையுள்ள உடலின் முதுகோ இடுப்போ எந்தக் காந்தத்திற்குள்ளும் நுழையாது; கால்கள், தலை, கழுத்தின் முன்பகுதி, அவ்வளவுதான். அடுத்தது மயக்கம். நலமான நாய் மயக்கத்தில் இறப்பது பத்தாயிரத்தில் சுமார் ஐந்து என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதிரையில், வயிற்றுநோவு அல்லாத காரணங்களுக்காக மயக்கம் கொடுத்தால்கூட, நூற்றில் ஒன்றை ஒட்டி வருகிறது. தன் எடையிலேயே தசை நசுங்குவதும், தெளிந்து எழும்போது தடுமாறிக் காலை முறித்துக்கொள்வதும் அதில் அடங்கும். காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள்; மயக்கம் கொடுத்து எடுக்கும் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்தங்களில் படம் மிகக் கூர்மையாக விழும். நின்றபடியே எடுக்கும் கருவியின் காந்தம் ஏறத்தாழ 0.27 டெஸ்லாதான், படம் அவ்வளவு கூர்மை இல்லை, ஆனால் அரைமயக்க ஊசியே போதும். எங்கள் கேள்வி குளம்புக்குள் மட்டும் இருந்ததால் நின்றபடி எடுப்பதையே தேர்ந்தெடுத்தோம். அதை இன்றும் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

லாடத்தை முதல் நாளே கழற்றச் சொன்னார்கள். லாடம் அடிப்பவர் கழற்றிச் சுத்தம் செய்து, ஆணி ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதியாகச் சொன்னார். ஆனாலும் காந்தத்துக்குக் கொண்டுபோகும் முன் குளம்பை ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது குளம்பின் சுவரில் அரிசிமுனையளவு ஆணித்துணுக்கு ஒன்று மின்னியது. அதைத் தோண்டி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. எடுக்காமல் விட்டிருந்தால், அந்தத் துணுக்கைச் சுற்றி முட்டையளவு கருங்குழி விழுந்து, நாங்கள் பார்க்க வந்த இடமே மறைந்திருக்கும். குதிரையை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுபோகிறவர்கள், இந்த எக்ஸ்ரே எடுக்கப்படுகிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

திறந்த பக்கமுள்ள காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் வெண்ணிலாவின் குளம்பை வைத்து, தலையை ஒரு தாங்கியில் சாய்த்துவைத்தார்கள். அரைமயக்கத்தில் குதிரை மெல்ல ஆடிக்கொண்டேயிருக்கும். சில மில்லிமீட்டர் ஆட்டமே படத்தைக் கலைத்துவிடும். நான் அதன் தோளில் கைவைத்து, கை அசையாமல் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டு நின்றேன். இரண்டு குளம்புக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். சிறுநீர் முட்டினால் குதிரை நிலைகொள்ளாது என்பதால் நடுவில் ஒரு முறை வெளியே நடத்திக்கொண்டு வந்தோம். இரண்டாம் பாதியில் படம் எவ்வளவோ தெளிவாக வந்தது.

கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிவிட்டு நீரை மட்டும் காட்டும் ஸ்டிர் என்ற வகைப் படத்தில், இடது குளம்பின் ஆழ் மடக்குத் தசைநாணின் நடுவில், நாவிகுலர் எலும்பின் உயரத்தில், தீக்குச்சித் தலையளவு வெண்புள்ளி ஒன்று பல துண்டுகளில் தொடர்ந்து தெரிந்தது. தசைநாண் என்பது படத்தில் கரிய பட்டையாக இருக்க வேண்டியது. படத்தைப் படித்த கதிரியல் நிபுணர் உடனே கிழிவு என்று எழுதிவிடவில்லை. தசைநாணின் இழைகள் காந்தப்புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருந்தால், கிழியாத தசைநாணிலும் பொய்யான வெளிச்சம் தோன்றும். அந்தப் பொய் வெளிச்சம் நிலைக்காத வகைப் படங்களிலும் புள்ளி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகே கிழிவு என்று உறுதி செய்தார். வலது குளம்பில் கிழிவு இல்லை, நாவிகுலர் எலும்பின் உள்ளே மட்டும் நீர்க்கசிவு இருந்தது. படம் எடுக்கும் கருவியைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு, படத்தைப் படிப்பவர் யார், குதிரைக் குளம்பு எத்தனை படித்திருக்கிறார் என்று நாம் விசாரிப்பதில்லை. நான் இப்போது அதைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

விடை தெரிந்ததும் செய்ய வேண்டியது முற்றிலும் மாறியது. நாவிகுலர் என்று நினைத்து வலிமருந்து கொடுத்து நடத்திக்கொண்டிருந்த நான்கு மாதமும், கிழிந்த தசைநாண்மேல் சுமை ஏற்றிய மாதங்களாக இருந்திருக்கின்றன. அதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது. லாயத்திலேயே ஓய்வு, பிறகு கையில் பிடித்து ஐந்து நிமிட நடை, வாரந்தோறும் சில நிமிடக் கூடுதல் என்று ஓராண்டு போயிற்று. ஆறாம் மாதம் மீண்டும் படம் எடுத்தபோது ஸ்டிர் படத்தில் புள்ளி மங்கியிருந்தது; ஆனால் டி1 என்ற வகைப் படத்தில் அப்படியே இருந்தது. நான் சோர்ந்துபோனேன். டி1இல் தழும்புகூட நெடுங்காலம் வெளிச்சமாகவே தெரியும், ஆறுவதை அளக்க ஸ்டிர் படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்கள். வெண்ணிலா தாண்டும் பயிற்சிக்குத் திரும்பவில்லை. மண் தரையில் நிதானமாகச் சவாரி செய்ய முடிகிறது, தலை ஆடவில்லை.

உடலின் எந்தப் பகுதி என்றே தெரியாத நிலையில் குதிரைக்கு உதவுவது எலும்பு ஸ்கேன். அதே லாயத்தில் ஓர் ஓட்டக்குதிரை பின்னங்கால் நொண்டியபோது, மரப்பு ஊசி எதற்கும் மசியவில்லை. இடுப்பு எலும்போ எக்ஸ்ரே எளிதில் ஊடுருவாத சதைக்குள் புதைந்திருப்பது. டெக்னீசியம்-99எம் என்ற கதிர்ப்பொருளை எலும்பு ஈர்க்கும் மருந்தோடு சேர்த்து ஊசியில் செலுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து காமா கேமராவை வைத்துப் பார்த்தால், எலும்பு மும்முரமாகத் தன்னைப் பழுதுபார்க்கும் இடங்கள் பிரகாசிக்கும். இடுப்பு எலும்பில் மயிரிழை விரிசல் அப்படித்தான் அகப்பட்டது. அந்தப் பொருளின் அரையாயுள் 6 மணி நேரம். சிறுநீரிலும் அது வெளியேறும். ஆகவே குதிரையைத் தனியே கட்டி, மையம் சொல்லும் நேரம்வரை யாரும் அணுகக் கூடாது. மையத்தார் சொன்ன நேரத்துக்கு முன்பே தடவிக்கொடுக்கப் போன ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள், கண்டிப்பு நியாயமானது. இதன் அடுத்த படியான, கதிர்ப்பொருள் சேரும் இடத்தை முப்பரிமாணத்தில் காட்டும் பெட் (PET) ஸ்கேனைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் குதிரைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2019ஆம் ஆண்டின் முற்பகுதியில் பல ஓட்டக்குதிரைகள் கால் முறிந்து இறந்த சான்டா அனிடா பந்தயத் திடலிலேயே, அதே ஆண்டு இறுதியில், குதிரை நின்றபடி கணுக்காலைப் பார்க்கும் பெட் கருவி நிறுவப்பட்டது. எலும்பு முறிவதற்கு முன்பே அது கொடுக்கும் அடையாளத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம்.

படம் எடுக்கப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியது சில உண்டு. நடையைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், கெட்டித் தரையிலும் மெத்தென்ற தரையிலும். மருத்துவமனை வாசலில் பயத்தில் நொண்டலை மறைத்துக்கொள்ளும் நாய்களும் குதிரைகளும் ஏராளம். முத்துவே முதல் நாளில் அப்படித்தான் மேசைமேல் விறைத்து நின்றது. எடுத்த படங்களை அறிக்கையோடு மட்டும் வாங்கிக்கொள்ளாமல், டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் முழுத் தொகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். திரையைக் கைபேசியில் எடுத்த நிழற்படத்தை வைத்து வேறொரு நிபுணரால் எதுவும் சொல்ல முடியாது. படத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிவதற்கான சாயமருந்து கொடுக்கப்போவதாக இருந்தால், சிறுநீரக நிலை பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.

முத்துவுக்குப் பன்னிரண்டு வயதானபோது இடது மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. தும்மல் இரண்டு மாதமாகவே இருந்தது. இந்த முறை நானே கேட்டேன்: நாம் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம்? மருத்துவர் வரிசையாகச் சொன்னார். முதலில் இரத்த அழுத்தம், தட்டணுக்கள், உறைதிறன். மூக்குக்கு வெளியே காரணம் இருந்தால் ஸ்கேனே வேண்டாம். அவை சரியாக இருந்தால் தலைக்கு சி.டி. அதே மயக்கத்தில், சி.டி. முடிந்த பிறகுதான் மூக்கினுள் குழாய்க் கேமரா, அதன்பின் சதைத்துணுக்கு. துணுக்கை முதலில் எடுத்துவிட்டால் பெருகும் இரத்தமே படத்தில் கட்டிபோல் தெரிந்து குழப்பும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது என்றார். ஏழு ஆண்டுகளுக்கு முன் மேசைமேல் ஏற்றிய சில நிமிடங்களில் முடிவான அந்த முதல் ஸ்கேனை நினைத்துக்கொண்டேன்.

மூக்கின் உள்ளே சுருள் சுருளாக இருக்க வேண்டிய மெல்லெலும்புகள் இடப்பக்கத்தில் இல்லை; அந்த இடத்தைச் சாம்பல் நிறத் திரள் ஒன்று நிறைத்திருந்தது. பூஞ்சைத் தொற்றாக இருந்தால் சுருளெலும்பு கரைந்து அந்த இடம் பெரும்பாலும் காற்றுக் குகையாகத் தெரியும் என்றார். இது நிறைந்து கிடந்தது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடைபோல் இருக்கும் எலும்பில் ஓரிடம் அரிக்கப்பட்டிருந்தது. சேர்த்து எடுத்த நெஞ்சுப் படத்தில் நுரையீரலில் இரண்டு சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் தெரிந்து என் நெஞ்சு அடைத்தது. அவை முழுக்கச் சுண்ணாம்பேறியவை, வயதான நாய்களில் சாதாரணமாகக் காணப்படும் தீங்கற்ற எலும்புத் துகள்கள், புற்றின் பரவல் அல்ல என்று அளவுகோலில் எண்ணைக் காட்டி விளக்கினார்கள். துணுக்குப் பரிசோதனை கட்டியைப் புற்று என்று உறுதி செய்தது.

அந்தச் சல்லடை எலும்பின் அரிப்புதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. முழுக் குணத்தை நாடிப் பல வாரம் தினசரி மயக்கம் கொடுத்துச் செய்யும் கதிர்ச் சிகிச்சை வேண்டாம், மூச்சு எளிதாவதற்கு மட்டும் சில தவணைகள் போதும் என்று தீர்மானித்தோம். அந்தக் கதிரை எங்கே குவிப்பது, கண்ணை எப்படிக் காப்பது என்பதையும் அதே சி.டி. படத்தின்மேல்தான் கணக்கிட்டார்கள். இரண்டாவது தவணைக்குப் பிறகு இரத்தம் நின்றது. அதன்பின் முத்து எங்களோடு இருந்த எட்டு மாதமும், வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, என் காலடியில் தூங்கியது.